ஊர்க்கிடாயில் ஒரு பங்கு

மணிமேகலைக்குக் கறிக்குப் பஞ்சமே இல்லை. இலுப்பூரிலிருந்து விராலிமலை போகிற சாலையில், சுண்டைக்காட்டில் இறங்கி, "நல்ல மெஸ் எங்கிட்டு இருக்கு?" என்று யாரைக் கேட்டாலும் அவள் கடைக்குத்தான் கை நீட்டுவார்கள். விடிந்ததும் விடியாததுமாக ஆட்டுக்கறியும் கோழியும் அவள் வாசலில் வந்து இறங்கும். கம்பெனிகளின் எல்லா ஷிஃப்டுக்கும் அவள் அடுப்பு எரியும். அப்படிப்பட்டவள் இருபது வருசமாக ஒரு கையளவு கறிக்கு ஏங்கிக்கொண்டிருந்தாள் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். அவள் மகளே சிரித்திருக்கிறாள்.

அது கடையில் வாங்குகிற கறி இல்லை. வைகாசியில் பிடாரியம்மன் திருவிழாவின் கடைசி நாளில் ஊர்க்கிடாயை வெட்டுவார்கள். கறியைக் கூறுபோட்டு, கூறுக்கு ஒரு தேக்கு இலை என்று வரிசையாகப் பரப்பி, தலைக்கட்டுக்கு ஒரு பங்கு கொடுப்பார்கள். தலைக்கட்டு என்றால், ஊர்க் குடும்பங்களில் ஒன்று என்று ஊர் ஒப்புக்கொண்ட வீட்டின் தலை. பங்கு போடுகிற சேவுகன் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு, "இன்னார் பங்கூ" என்று நீட்டி முழக்குவார். பெயருக்குரியவர் "இருக்கேன்" என்று குரல் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வரவில்லை என்றால் அந்த இலை தரையிலேயே கிடக்கும். அடுத்தவர் எடுக்கக் கூடாது.

தாத்தா காலத்தில் ஒரு பங்கை வைத்து வீடே குழம்பு சாப்பிட்டதாம். அண்ணன் தம்பிகள் பிரிந்து பிரிந்து தலைக்கட்டு பெருகியதில், இப்போது ஒரு இலையில் இருப்பதைப் பூனைக்கு வைத்தால் பூனையே கோபித்துக்கொள்ளும். ஆனாலும் மணிமேகலைக்கு அதுதான் வேண்டும். கறிகூட இல்லை, அந்தக் கூப்பாடுதான் வேண்டும்.

அவள் வந்து இறங்கியபோது சுண்டைக்காடு பேருக்கேற்ற அளவில்தான் இருந்தது. செம்மண், கடலைக்கொல்லை, தைலமரக்காடு, ஒரு கண்மாய். கண்மாயில் தண்ணீர் நின்ற வருசங்களை ஊர்க்காரர்கள் தங்கள் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்கள். கொடும்பாளூர்க் கோயிலைப் பார்க்கக் கிளம்பி வழி தவறியவர்களைத் தவிர வெளியூர் முகம் எதுவும் அந்தப் பக்கம் தென்படாது. அந்த இடத்துக்குப் பாய்லர் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி வந்தது. அம்மன் கூப்பிட்டுத்தான் வந்தார்கள் என்று ஊருக்குத் தலைமை பார்க்கிற அம்பலம் ஆண்டிச்சாமி இன்றைக்கும் சொல்வார். நிலம் சல்லிசாகக் கிடைத்தது என்பதை அவர் சொல்ல மாட்டார், ஏனென்றால் சல்லிசாகக் கொடுத்தவர் அவர்தான்.

அந்தக் கம்பெனி கட்டுமானத்துக்குச் செங்கல் ஏற்றி வந்த லாரி டிரைவர் திருப்பதி. அவன்தான் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து தன் மனைவி மணிமேகலையையும் சின்ன மகளையும் லாரியின் முன்சீட்டில் ஏற்றிவந்து, சாலையோரம் ஒரு தார்ப்பாயைக் கட்டி, "கொத்தனாருக்கெல்லாம் சோறு ஆக்கிப் போட்டுக்கிட்டு இரு, நான் ஒரு லோடு அடிச்சிட்டு வாரேன்" என்றான். அந்த லோடு கொஞ்சம் நீளமாகப் போனது. சவூதி வரைக்கும் போனது. முதலில் போனும் பணமும் வந்தன, பிறகு போன் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. மணிமேகலை சில நாள் அழுதாள். அதற்குமேல் அழ முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த வருசத் திருவிழாவில்தான் இந்த ஏக்கம் தொற்றியது. மேளச் சத்தம் கேட்டு, மகள் பிரகதீஸ்வரியைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு போய் நின்றாள். பெயர்களைக் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய் வாங்கினார்கள். எல்லாருக்கும் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, அவளும் ஒரு தட்டைக் கொண்டுபோய் நீட்டிவிட்டாள். சேவுகன் நல்ல மனுசர், சத்தம் போடவில்லை. "இது தலைக்கட்டுப் பங்கும்மா. வெளியாளுக்கு இல்ல" என்று மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மேளம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. எல்லார் காதிலும் விழுந்தது. நீட்டிய தட்டை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மணிமேகலை அதை முந்தானைக்குள் மறைத்தாள். அன்றைக்கு அவளுக்கு ரொம்பவே வலித்தது.

வேறு ஒருத்தியாக இருந்தால் "போங்கடா, நீங்களும் ஒங்க கிடாயும்" என்று போயிருப்பாள். மணிமேகலை பிடிவாதக்காரி. வாங்காமல் விடுவதில்லை என்று மனசுக்குள் முடிந்துகொண்டாள்.

அதற்குள் ஊர் ஓட ஆரம்பித்துவிட்டது. பாய்லர் கம்பெனிக்குப் பக்கத்தில் பிஸ்கட் கம்பெனி, அதற்குப் பக்கத்தில் பிஸ்கட்டை அடைக்க அட்டைப்பெட்டி கம்பெனி, பெட்டியை ஏற்ற லாரி ஷெட், லாரிக்காரர்கள் தூங்க லாட்ஜ். ஏக்கர் என்று பேசியவர்கள் சென்ட் என்று பேசினார்கள், சென்ட் போய்ச் சதுர அடி வந்தது. கீரனூர்க்காரர்கள் திருச்சிக்கு வேலைக்குப் போவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஊருக்கு, திருச்சியிலிருந்தே கம்பெனி பஸ்கள் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டின. ஊராட்சி பேரூராட்சி ஆகி, பேரூராட்சி நகராட்சி ஆனது. சாலைக்குக் குறுக்கே 'தொழில் நகரம் உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று வளைவு வைத்தார்கள். அதன் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். வரவேற்பு முழுக்க அவற்றுக்குத்தான் என்பது போலத் தோன்றும்.

இந்த வளர்ச்சியை நகராட்சி ஆபீசில் எப்படி எழுதி வைத்திருக்கிறார்களோ தெரியாது. மணிமேகலையின் அடுப்பைக் கேட்டால் சரியாகச் சொல்லும். கொத்தனார்கள் இருந்தவரை சோறும் கருவாட்டுக் குழம்பும். வெல்டர்கள் வந்ததும் சாம்பார், ரசம், அப்பளம். சட்டையை உள்ளே விட்ட ஆபீசர்கள் வந்ததும் வாழை இலையும் தயிரும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழிலாளிகள் ரயிலேறி வந்ததும் சப்பாத்தி, பருப்பு, எதற்கெடுத்தாலும் உருளைக்கிழங்கு. அவர்களுக்காக அவள் ஒரு இந்தி கற்றுக்கொண்டாள். "காவோ, காவோ, அவுர் ஏக் போட்டுக்கோ" என்பாள். வடக்கே யாருக்கும் புரியாத அந்த இந்தி, சுண்டைக்காட்டில் பசித்தவன் எவனுக்கும் புரிந்தது.

தார்ப்பாய் கீற்றுக் கொட்டகை ஆனது, கொட்டகை தகரம் ஆனது, தகரம் இடிந்து மாடி எழும்பியது. ஒவ்வொன்று முடியும்போதும் அவள் ஆண்டிச்சாமியிடம் போய் நிற்பாள்.

ஆண்டிச்சாமியைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாதவர். அதனால் ஒவ்வொரு தரமும் ஒரு புதுச் சட்டம் கண்டுபிடித்துச் சொல்வார்.

"இங்க பாரு தங்கச்சி, நீங்க வந்து போறவங்க. தலைக்கட்டுன்னா இருந்து நெலைச்சவங்க" என்றார் முதலில்.

அவள் இருந்து நிலைத்துக் காட்டினாள்.

"வாடகை எடத்துல இருக்கவங்களைச் சேக்குற வழக்கம் இல்லையே" என்றார் அடுத்த தரம்.

அவள் அவரிடமே மனை வாங்கி வீடு கட்டினாள். மனை விற்கும்போது, "நீயும் நம்ம ஊர்க்காரி ஆயிட்ட" என்று வாய் நிறையச் சொன்னவர், திருவிழா வந்ததும் தலையைச் சொறிந்தார்.

"ஆம்பளைப் பேருலதான் தலைக்கட்டு போடுறது. திருப்பதி வரட்டும், மொத ஆளாப் போட்டுருவோம்."

"அந்தாளு வரவே போறதில்லண்ணே."

"வராம எங்க போயிருவான்?"

"நான் நாளைக்குச் செத்துப்போனா எங்கண்ணே வைப்பீங்க? ஊர்ச் சுடுகாட்டுல எடம் உண்டா?"

"அதுக்கென்ன, நகராட்சியில மின்மயானம் கட்டியிருக்கானே. யாரு வேணாலும் போகலாம்" என்றார் ஆண்டிச்சாமி, ஏதோ நல்ல சேதி சொல்கிறவர் போல. சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்.

இதற்கிடையில் திருவிழாவுக்கு அரிசி மூட்டை யார் கொடுப்பது? மணிமேகலை. அண்டா, குண்டான், கரண்டி? மணிமேகலை. மேடை போட்டு அவளுக்கு வருசா வருசம் சால்வை போர்த்துவார்கள். ஃபிளெக்ஸ் போர்டில் அவள் படம் அம்மனுக்கு அடுத்த அளவில் இருக்கும். 'உபயதாரர்' என்று போட்டிருக்கும். அவள் வீட்டுப் பீரோவில் சால்வைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெயில் ஊரில் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதோடு, காப்புக் கட்டினால் அவளைப் போல விரதம் காக்கிறவர் ஊரிலேயே கிடையாது. அம்மனுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து கிடாய் வெட்டும் வரை ஊருக்குள் கறி, மீன், முட்டை ஆகக் கூடாது. பழைய குடும்பத்துப் பிள்ளைகள் பைக்கை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். மணிமேகலையோ மெஸ்ஸை முழுச் சைவமாக்கி, "அம்மா பண்டிகை. நோ சிக்கன், நோ அண்டா" என்று, முட்டைக்கு இந்தி வார்த்தையும் போட்டு, ஒடிசாக்காரர்களைக்கூட விரதம் இருக்க வைத்துவிடுவாள். போன வருசம் காப்புக் கட்டியிருந்தபோது ஒரு மாலை, கொல்லைப்புற வாசலில் நிழலாடியது. எட்டிப் பார்த்தால் ஊர் அம்பலம்.

"தங்கச்சி, ஒடம்புக்கு ஒரு மாதிரி இருக்கு. டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னாரு. ஒரே ஒரு ஆம்லெட்டு."

"காப்புக் கட்டியிருக்குண்ணே."

"கட்டுனதே நாந்தானே!"

"அதனாலதாண்ணே குடுக்க முடியாது" என்று அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மனுசர் கசாயம் குடிப்பது போல மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வருசம்தான் திருவிழாவில் தலைகுனிவு நடந்தது. சேவுகன் பெயர்களைக் கூப்பிடுகிறார், குரல் வரவில்லை. ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் சென்னை, ஒருவர் திருச்சியில் ஃபிளாட் வாங்கிப் போய்விட்டார். நிலம் விற்ற காசு ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பக்கமாகக் கொண்டுபோயிருந்தது. உள்ளூரில் இருக்கிற சிலரும், இத்தனூண்டு கறிக்கு யார் வெயிலில் நிற்பது என்று ஏசி போட்டுப் படுத்துவிட்டார்கள். கேட்பாரில்லாத இலைகள் வரிசையாகத் தரையில் கிடந்தன. நாய்கள் வந்தன. பிஸ்கட் கம்பெனி வாட்ச்மேன் கம்பை எடுத்து விரட்ட வேண்டியிருந்தது. அம்மன் சந்நிதிக்கு எதிரிலேயே இது நடந்ததில் ஆண்டிச்சாமி சுருங்கிப்போனார்.

ஆகவே இந்த வருசம் காப்புக் கட்டுவதற்குச் சில நாள் முன்னால், தன் மகன் கோபிநாத்தைக் கூட்டிக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தார். இந்தத் தரம் முன்வாசல் வழியாக வந்தார். கோபிநாத் கல்யாணமாகித் தனித் தலைக்கட்டு ஆனவன், மனை வியாபாரம் பார்க்கிறவன். எதைப் பார்த்தாலும் அதை எப்படிப் பிரித்து விற்கலாம் என்று யோசிக்கிற கண் அவனுக்கு.

"யக்கா, இந்த வருசம் கான்செப்டையே மாத்திட்டோம்" என்றான். "எலை, பங்கு, பேரு கூப்பிடுறது எல்லாம் கட். கிடாக்கறி மொத்தத்தையும் ஒங்ககிட்ட குடுத்துடுறோம். நீங்க பிரியாணியாப் போட்டுருங்க. டப்பாவுல அடைச்சு, வர்றவங்களுக்கெல்லாம் ஒண்ணு. கம்பெனிக்காரங்க ஸ்பான்சர் பண்றாங்க. டப்பா மேல ஒங்க மெஸ் பேரு பெருசா வரும்."

மணிமேகலை மாவு ஒட்டிய கையோடு நின்றாள். இருபது வருசம் வரிசையில் நின்று, தன் முறை வருகிற நேரத்தில் கவுன்டரையே மூடுகிறார்கள் என்று தோன்றியது அவளுக்கு. தன் பேர் டப்பா மேல் வருமாம். தின்றதும் டப்பாவைச் சாக்கடையில் போடுவார்கள்.

"முடியாதுப்பா" என்றாள்.

"என்னக்கா, இவ்வளவு பெரிய ஆஃபர்..."

"பேரு கூப்பிடலைன்னா, யாரு வந்தா யாரு வரலைன்னு அம்மனுக்கு எப்படித் தெரியும்? பங்கு போட்டுத்தான் ஆகணும். சேவுகண்ணே ஒவ்வொரு பேராக் கூப்பிடட்டும். மூணு தரம் கூப்பிட்டு ஆளு வராத எலைய மட்டும் எங்கிட்ட குடுங்க. அண்டாவுல போட்டுக் குழம்பு வெச்சு, இந்த ஊருல ஒழைக்க வந்த பிள்ளைகளுக்கு ஊத்துறேன். கறி பத்தலைன்னா உருளைக்கிழங்கு கெடக்கு. நாய் வாயில போறதுக்கு இது மேல் இல்லையாண்ணே?"

கடைசிக் கேள்வி ஆண்டிச்சாமிக்கு. அவர் துண்டு நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "அது சரியாத்தான் படுது" என்றார்.

"அப்பா!" என்றான் கோபிநாத்.

"நீ சும்மா இருடா. கான்செப்டாம் கான்செப்டு."

இருவரும் போன பிறகு பிரகதீஸ்வரி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அவள் இப்போது பிஸ்கட் கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் வேலை பார்க்கிறாள். யாரை எதற்கு வேலைக்கு எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்று பேசிப் பேசி வாய் பழகியவள்.

"ஊருக்காக அவ்வளவு பேசுனியே, எம் பேரையும் சேருங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"கேட்டதெல்லாம் போதும்டி. இனிமே கேக்குறதா இல்ல."

"அப்ப எதுக்கு இப்படி மல்லுக்கட்டுன? நல்ல ஆர்டர் அது."

மணிமேகலை சப்பாத்திக் கட்டையைக் கையில் எடுத்தாள். "கூப்பிடுறதையே நிறுத்திட்டா, அப்புறம் நான் என்னத்தடி எதிர்பாத்துக்கிட்டு இருப்பேன்?" என்றாள்.  மகளும் ஒரு உருண்டையை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தாள்.

திருவிழாவின் கடைசி நாள் வந்தது. பிடாரியம்மன் கோயில் இப்போது பிஸ்கட் கம்பெனிச் சுவருக்கும் ஆண்டிச்சாமி கட்டிய லாட்ஜுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நிற்கிறது. காலையும் மாலையும் அம்மனுக்கு வெண்ணெய் பிஸ்கட் வாசனைதான். கிடாய் வெட்டுகிற திடல், கம்பெனி லாரிகள் நிற்கிற இடமாகிவிட்டதால், அன்றைக்கு மட்டும் லாரிகளை நகர்த்தச் சொல்லி ஊர்க்காரர்கள் வாட்ச்மேனைக் கெஞ்ச வேண்டும். நகர்த்தினார்கள். கிடாய் விழுந்தது. தேக்கு இலைகள் டீசல் கறை படிந்த சிமென்ட் தரையில் வரிசை வரிசையாகப் பரந்தன.

ஓரமாக மூன்று கல் வைத்து, மணிமேகலை அண்டாவை ஏற்றி, மசாலா கொதிக்க விட்டிருந்தாள். வேலை முடிந்த ஒடிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பிரகதீஸ்வரி லீவு போட்டுவிட்டு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சேவுகன் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு வயசாகிவிட்டது, குரலுக்கு மட்டும் ஆகவில்லை. ஒவ்வொரு பெயராக முழங்கினார். "இருக்கேன்" என்று வந்தவர்கள் இலையைப் பார்த்ததும் குறை சொன்னார்கள்.

"என்ன சேவுகா, ஈரலே காணோம்?"

"என் தம்பி எலையில தொடைக்கறி, எனக்கு மட்டும் கொழுப்பா?"

குறை சொல்லாமல் ஒருவரும் நகரவில்லை. பங்கு வாங்குவதில் பாதிச் சுகமே அதில்தான் போலிருக்கிறது.

வராதவர்கள் பெயரைச் சேவுகன் மூன்று தரம் கூப்பிட்டார். சிங்கப்பூர்க்காரன் இலை அண்டாவுக்குப் போனது. சென்னைக்காரன் இலை அண்டாவுக்குப் போனது. அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது. நேரம் ஆக ஆக அண்டாவில் கறி ஏறியது, உருளைக்கிழங்குக்கு வேலை குறைந்தது. ஆண்டிச்சாமி ஒவ்வொரு இலையும் போவதைப் பார்த்துக்கொண்டு, அம்மனைப் பார்க்காமல் நின்றிருந்தார்.

"கோபிநாத்து பங்கூ!"

கோபிநாத் அங்கேதான் இருந்தான். நாலு எட்டில் நின்றான். ஆனால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்று, செல்போனைத் தூக்கிப் பிடித்து, "நண்பர்களே, நம்ம ஊரு பாரம்பரியத்தை இப்ப லைவா பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருந்தால் தட்டிச் சொல்லியிருக்கலாம். அவனிடம் மனை வாங்கியவர்கள் அவர்கள். ஒருவரும் தட்டவில்லை.

"கோபிநாத்து பங்கூ!" இரண்டாம் தரம். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

மூன்றாம் தரமும் ஆயிற்று. சேவுகன் கண்ணைத் திறந்து ஆண்டிச்சாமியைப் பார்த்தார். அம்பலம் வீட்டு இலை. பேசி வைத்தபடி அதுவும் அண்டாவுக்குத்தான் போக வேண்டும். அவர் தயங்கித் தயங்கி அண்டாப் பக்கம் திரும்பினார்.

"சேவுகா, நில்லு. அதை அண்டாவுல போடாத."

ஆண்டிச்சாமியின் குரல் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். மகனைக் காப்பாற்றப் போகிறார் என்றுதான் ஊரே நினைத்தது. கோபிநாத்தும் அதற்குள் விசயம் புரிந்து, செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அசடு வழியக் கையை நீட்டியபடி ஓடிவந்தான். ஆண்டிச்சாமி அவனைத் தாண்டி நடந்து போய்ச் சேவுகன் காதில் ஏதோ சொன்னார். சேவுகன் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டார்.

"மணிமேகலை பங்கூ!"

திடலில் அண்டா கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மணிமேகலை கரண்டியோடு அப்படியே நின்றாள். அத்தனை மேசைக்கும் கேட்கிற மாதிரி "சாம்பார்" என்று கூவுகிற தொண்டை அது. இப்போது அதில் காற்றுகூட வரவில்லை. வேறு யாரோ ஒரு மணிமேகலை இருக்கிறாளோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால், ஓரங்கட்டிய லாரிதான் நின்றது.

"மணிமேகலை பங்கூ!"

"அம்மா, ஒன்னயத்தான். வாயைத் தொற" என்று பிரகதீஸ்வரி இடித்தாள். இடித்தும் பயனில்லை. வரிசையில் நின்ற ஒடிசாக்காரர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியாவிட்டாலும் பெயர் புரிந்தது. "அம்மா ஹை! அம்மா இதர் ஹை!" என்று அவள் அங்கே இருப்பதை இந்தியில் சொல்லி, தட்டைத் தட்டிக்கொண்டு கத்தினார்கள்.

"அடுத்தவங்க சொன்னாச் செல்லாது. பங்குக்காரி சொல்லணும்" என்றார் ஆண்டிச்சாமி. கறாராகத்தான் சொல்லப் பார்த்தார். ஆனால் அவர் குரலும் சரியாக இல்லை. "சொல்லு தங்கச்சி. இன்னும் ஒரே தரந்தான் இருக்கு."

"மணிமேகலை பங்கூ!"

"இருக்கேன்!"

கம்பெனித் தகரக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. அவள் கரண்டியை மகளிடம் கொடுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து, டீசல் கறையை மிதித்துக்கொண்டு நடந்து போனாள். இரண்டு கையையும் ஏந்தினாள். சேவுகன் இலையை வைத்தார். கோபிநாத் வாயைப் பிளந்தபடி தன் பங்கு போவதைப் பார்த்தான்.

அவள் இலையை விரித்துப் பார்த்தாள்.  அழுவாள், காலில் விழுவாள், அம்மனைக் கும்பிடுவாள் என்று ஆளாளுக்கு ஒன்றை எதிர்பார்த்தார்கள்.

"என்னண்ணே இது?" என்றாள் மணிமேகலை, முகத்தைச் சுளித்துக்கொண்டு. "எலும்பாவே அள்ளி வெச்சிருக்கு. இதை வெச்சு நான் என்னத்த ஆக்குறது?"

ஆண்டிச்சாமி அவள் கையிலிருந்த இலையை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வருசம் இதைக் கொண்டு போ ஆத்தா. அடுத்த வருசம் ஒனக்குத் தொடைக்கறியா வைக்கச் சொல்றேன்" என்றார்.

அடுத்த வருசம் என்று கேட்டதும்தான் மணிமேகலைக்கு அழுகை வந்தது.